கம்பளியும் கண்ணியும்

திருவண்ணாமலை நகரின் வடபால், வேலூர் செல்லும் பெருவழியில் அமைந்திருப்பது வேங்கிக்கால். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் ஊர் என்ற அளவில் பலரும் இதனை அறிவர். அவ்வூரில் வாழ்பவன் நான். கார்த்திகைத் தீபத்தன்று எங்கள் சாலை நெடுகிலும் மக்கள் வெள்ளமெனச் செல்வர். மலையுச்சியில் சுடர் தோன்றியதும் 'அரோகரா' என்னும் முழக்கம் விண்ணைப் பிளக்கும். அம்முழக்கம் அடங்கிய பின்னர் வரும் காட்சி ஒன்று உண்டு. அதனைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன்.

நள்ளிரவு கடந்ததும், கடைத் திண்ணைகளிலும் மூடிய கதவுகளின் முன்னும் வெளியூர் மக்கள் வரிசையாகப் படுத்திருப்பர். கார்காலத்தின் ஈரமும் மலையடிவாரத்தின் குளிரும் ஒன்றுசேரும் நேரம் அது. சிலர் மேல்துண்டைப் போர்த்திருப்பர். சிலர் உரச் சாக்கை விரித்து அதன்மேல் முடங்கியிருப்பர். தாய்மார் சேலைத் தலைப்பால் குழந்தையை மூடிவிட்டுத் தாம் நடுங்கியிருப்பர். வெப்ப நாடு என்று பெயர் பெற்ற நம் நாட்டிலும் ஒரு போர்வையின் அருமை தெரியும் இரவுகள் உள்ளன. அந்தப் போர்வை எங்கிருந்து வந்தது? யார் கையால் ஆயிற்று? இவ்வினாக்களைத் தொடர்ந்து சென்றால் நெடியதொரு வரலாறு நமக்குக் கிடைக்கும்.

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் எங்கள் பகுதியின் இலக்கியம். திருவண்ணாமலைக்கு மேற்கே உள்ள செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடியது அது. நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழியில் யார் யார் உதவுவர் என்று புலவர் சொல்லிக்கொண்டே வருகின்றார். ஓரிடத்தில் இரவு நேர்கின்றது. அங்கே ஆட்டு மந்தையோடு தங்கியிருக்கும் இடையர், வந்தவர்க்குப் பாலும் கூழும் தருகின்றனர். பின்னர் ஆட்டுத் தோலால் ஆகிய படுக்கையையும் தருகின்றனர். மயிர் பொதிந்த மெத்தையை ஒத்தது அப்படுக்கை என்று புலவர் உவமை கூறுகின்றார். அருகே மூட்டிய தீயே அன்றிரவுக்குக் காவல். அரண்மனையில் கிடைக்கப்போகும் பரிசிலைக் காட்டிலும் இவ்வாயர் தந்த படுக்கையே என் நெஞ்சில் நிற்கின்றது. முன்பின் அறியாத ஒருவனுடைய இரவை எண்ணிச் செய்யப்பட்ட உதவி அன்றோ அது?

தோல் படுக்கைக்குப் பின் வந்தது கம்பளி எனலாம். ஆட்டின் மயிரைக் கொண்டு நெய்யும் கலை தமிழர்க்குப் பழைமையானது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை, மதுரையின் அறுவை வீதியைக் காட்டும்போது, பருத்தி நூலாலும் பட்டாலும் ஆகிய துணிகளோடு மயிரால் ஆகிய துணிகளையும் எண்ணிச் சொல்கின்றது. எங்கள் பகுதியில் இத்தொழில் குறும்பர் கையில் இருந்தது. ஆடு மேய்ப்போரும் அவரே. மயிர் கத்தரிப்போரும் அவரே. அதனை நூற்று நெய்வோரும் அவரே. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல்தொகுதியும் இம்மக்களை ஆயராகவும் கம்பளி நெய்வோராகவும் குறிக்கின்றது. திருச்சிக் கருப்பு என்று கால்நடை நூலார் பெயரிட்டுள்ள செம்மறி இனம், பெரம்பலூர்ப் பக்கத்தில் மட்டுமன்றித் திருவண்ணாமலை வட்டாரத்திலும் காணப்படுவது. அதன் உடல் முழுதும் கருநிறம். மயிரோ மிகவும் முரடு. அம்மயிரை வில்நாணால் அடித்துப் பிரித்து, நூற்று, பாவு நூலுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி ஊட்டி நெய்வது குறும்பர் நெசவின் வழக்கம்.

அவ்வாறு நெய்த கம்பளி உடலைக் குத்தும். 'கம்பளியிலே சோற்றைப் போட்டு மயிர் மயிர் என்கிறதா?' என்று பழமொழியே உண்டு. ஆயினும் அதன் பயன் பெரிது. செங்கம் சாலையில் மந்தை ஓட்டிச் சென்ற முதியவர் ஒருவரிடம் அத்தகைய கம்பளியை ஒருமுறை கண்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அவர் கம்பளியைக் கொங்காணியாக மடித்துத் தலையில் இட்டிருந்தார். மழைத்துளிகள் முத்துப்போல் அதன்மேல் நின்றன, உள்ளே இறங்கவில்லை. "இது எங்கள் அப்பன் காலத்தது ஐயா. நெய்தவனும் போய்விட்டான், இது இன்னும் போகவில்லை" என்றார் அவர். வருந்திச் சொன்னாரா, பெருமையாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. இன்று சாலையோரங்களில் குவித்து விற்கப்படும் மலிவான போர்வைகளுள் பல, அரியானா மாநிலத்துப் பானிப்பட்டிலிருந்து வருவன. பழைய கம்பளி உடைகளைக் கிழித்து, மீண்டும் நூலாக்கி நெய்யும் பெருந்தொழில் அங்கே நடக்கின்றது. பக்கத்து ஊர் ஆட்டின் மயிரால் ஆன கம்பளி அரிதாயிற்று. தொலைநாட்டார் உடுத்துக் கழித்த கம்பளி எளிதாயிற்று.

இதுவரை சொன்னவை அனைத்தும் நெய்த போர்வைகள். இனி நான் கூறப்போவது பின்னிய போர்வை. நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள வேற்றுமையை முதலில் தெளிந்துகொள்வோம். நெசவில் பாவு, ஊடை என நூல்கள் இருவகை. ஒன்று நெடுக ஓடும். மற்றது குறுக்கே புகும். அதற்குத் தறி வேண்டும். தறிக்கு இடம் வேண்டும். பின்னலுக்கோ ஒரே நூல் போதும். அந்நூலை ஒரு வளையமாக்கி, அவ்வளையத்தின் ஊடே அடுத்த வளையத்தை இழுத்து, அதனூடே மற்றொன்றை இழுத்துச் சென்றால் துணி வளர்ந்துகொண்டே வரும். அவ்வளையத்தைக் கண்ணி என்போம். மீனவர் வலையிலும் கண்ணி உண்டு. ஆனால் அங்கே ஒவ்வொரு கண்ணிக்கும் முடிச்சு உண்டு. இங்கே முடிச்சே இல்லை. முனையைப் பிடித்து இழுத்தால் முழுத் துணியும் மீண்டும் நூலாகிவிடும். இதற்குச் சான்று தேடி நீங்கள் எங்கும் செல்ல வேண்டுவதில்லை. நீங்கள் அணிந்திருக்கும் பனியனை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்குங்கள். வரிசை வரிசையாகக் கண்ணிகள் ஒன்றையொன்று பற்றி நிற்பதைக் காண்பீர்கள். இழுத்தால் நீள்வதும் விட்டால் சுருங்குவதும் அக்கண்ணிகளின் தன்மையே. கண்ணிகளுக்குள் அடங்கிய காற்று அசையாது நிற்பதால் உடலின் சூடு வெளியேறாது தங்குகின்றது. போர்வை நமக்குச் சூட்டைத் தருவதில்லை. நம் சூட்டை நமக்கே காத்துத் தருகின்றது.

இக்கலை எங்குத் தோன்றியது? எகிப்து நாட்டில் கிடைத்த பழைய காலுறைகளே இதற்கு விடை கூறுகின்றன. கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தனவாய் அங்குக் கிடைத்த சில காலுறைகள், பார்வைக்குப் பின்னல் போன்றிருப்பினும், ஒற்றை ஊசியால் நூலைக் கோத்துச் செய்தவை. இரண்டு ஊசிகளால் செய்த உண்மையான பின்னல், ஏறத்தாழப் பதினோராம் நூற்றாண்டு முதல் பதினான்காம் நூற்றாண்டு வரையுள்ள எகிப்தியக் காலுறைகளில் காணப்படுகின்றது. அவை கம்பளியால் ஆனவை அல்ல. பருத்தி நூலால் ஆனவை. வெண்ணிறத்தோடு அவுரி நீலமும் கலந்து அழகிய கோலங்கள் அமைந்தவை. எனவே பின்னல் என்றதும் பனி பொழியும் நாட்டையே எண்ணுதல் பொருந்தாது. பருத்தியும் அவுரியும் பழகிய வெப்ப நாட்டார் கையிலேதான் அக்கலையின் இளமைப் பருவம் கழிந்தது.

பின்னர் அது ஐரோப்பாவில் பரவியது. முதலில் பின்னுவோர் ஒரே வகைக் கண்ணியையே அறிந்திருந்தனர். நூலை ஊசிக்குப் பின்னே வைத்துக் கண்ணியை இழுப்பது அது. இன்று 'நிட்' என்கிறோம். நூலை முன்னே கொணர்ந்து, கண்ணியை மறுபுறம் திருப்பி இழுப்பது 'பர்ல்'. இந்த இரண்டாம் வகைக்குக் காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, இத்தாலியில் 1562-இல் இறந்த எலியனோரா என்னும் கோமகளின் கல்லறையில் கிடைத்த பட்டுக் காலுறை. முன்னும் பின்னும் என்ற இந்த இரண்டே அசைவுகளால் எண்ணிறந்த கோலங்களை ஆக்கலாம். இரண்டு சொற்களே உள்ள மொழியில் காவியம் எழுதுவது போன்றது அது.

1589-இல் இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பார் காலுறை பின்னும் பொறி ஒன்றை அமைத்தார். கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் வாயில் மண் விழும் என்று கருதி எலிசபெத்து அரசியார் அதற்கு உரிமை அளிக்க மறுத்தார் என்பது வழங்கிவரும் செய்தி. லீ பிரான்சு நாட்டிற்குச் சென்றார். ஆனால் பொறி நிற்கவில்லை, உலகெங்கும் பரவியது. 1925-ஆம் ஆண்டளவில் நம் திருப்பூருக்கும் பின்னல் பொறி வந்து சேர்ந்தது. அங்கே தொடங்கிய பனியன் தொழில் இன்று உலகச் சந்தை வரை சென்றிருப்பதை நாம் அறிவோம். பொறியை நான் குறை கூறேன். உடை எளிதாகவும் மலிவாகவும் கிடைப்பது ஏழைக்கு நன்மையே. ஆயினும் கைப்பின்னல் அதனோடு மறைந்துவிடவில்லை. ஏன் மறையவில்லை என்பதே நாம் எண்ண வேண்டிய செய்தி.

ஊசி வேலை நம் பெண்டிர் வாழ்வில் புகுந்த வரலாற்றில் நாஞ்சில் நாட்டிற்குச் சிறந்த இடம் உண்டு. நாகர்கோவில் அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. 1819-இல் அங்கு வந்த லண்டன் மிசனைச் சேர்ந்த சார்லசு மால்ட்டின் துணைவியார் மார்த்தா மால்ட் அம்மையார், பெண் குழந்தைகளின் பள்ளியைப் பேணி வளர்த்தார். எழுத்தறிவோடு சரிகைப் பின்னல் போன்ற நுண்ணிய நூல் வேலையையும், அதாவது 'லேஸ்' வேலையையும், அச்சிறுமியர்க்குக் கற்பித்தார். அவருள் அடிமைக் குடும்பத்துப் பெண்கள் பலர் இருந்தனர். நிலத்தோடு சேர்த்து மனிதரையும் விற்றும் வாங்கியும் வந்த கொடுமை அந்நாட்டில் 1855 வரை சட்டப்படி நீங்கவில்லை. அதற்கு முன்னரே, தாம் செய்த லேஸை விற்றுக் கிடைத்த கூலியைச் சேர்த்து, அப்பணத்தைக் கொடுத்துத் தம் விடுதலையைப் பெற்ற சிறுமியர் அங்கே இருந்தனர்.

நேயர்களே, இதனைச் சற்று நின்று எண்ணுங்கள். நூல் வேலை என்றால் ஓய்ந்திருக்கும் பெண்கள் பொழுதுபோக்கச் செய்வது என்று இகழ்வோர் உண்டு. ஒரு சிறுமி, தன் விலையைத் தானே நூலிழையாகச் சேர்த்து, தன்னைத் தானே வாங்கிக்கொண்டாள் என்றால், அவ்வேலையைப் பொழுதுபோக்கு என்று எவ்வாறு சொல்வது? அந்தப் பள்ளியின் வழிவந்தது இன்றும் நாகர்கோவிலில் டதி பெண்கள் மேல்நிலைப் பள்ளியாக விளங்குகின்றது. கிறித்துவப் பள்ளிகளின் வழியாகவும், பின்னர் அரசினர் பெண் பள்ளிகளின் தையல் வகுப்பு வழியாகவும், ஊசியும் நூலும் தமிழ்நாட்டின் சிற்றூர்கள் வரை வந்தன. இரண்டு ஊசியும் ஓர் உல்லன் நூற்பந்தும் கூடைக்குள் வைத்துக்கொண்டு பள்ளி சென்ற தலைமுறைப் பெண்கள் பலர் இன்று பாட்டியராக இருக்கின்றனர்.

அத்தகைய ஒருவர் எங்கள் தெருவில் வாழ்கின்றார். தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பின்னலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னதும் அவர் நகைத்தார். "தம்பி, நீச்சலைப் பற்றிக் கரையில் நின்று பேசலாமா?" என்று கேட்டு, இரண்டு ஊசிகளை என் கையில் கொடுத்துவிட்டார். ஆகவே, இனி நான் சொல்வது பட்டறிந்தது.

தொடங்குவோர்க்கு ஏற்றது சதுரங்களால் ஆகிய போர்வை என்றார் அவர். பெரிய போர்வையை ஒரே துணியாகப் பின்னத் தொடங்கினால், மலையைக் கண்டவன் போல் மனம் மலைக்கும். கைக்கடக்கமான ஒரு சதுரம் என்றால் ஒரு கிழமையில் முடியும். பழைய கணக்கில் எட்டாம் எண் ஊசி, அதாவது 4 மில்லிமீட்டர் பருமன் உள்ளது, போதும். நடுத்தரப் பருமனுள்ள உல்லன் நூலில் 40 கண்ணிகளை ஊசியில் ஏற்றுக. ஐந்து கண்ணிகள் நிட், ஐந்து கண்ணிகள் பர்ல் என்று மாறி மாறி வரிசை முழுதும் பின்னுக. ஊசியைத் திருப்பி, மறு வரிசையையும் அவ்வாறே நிட்டில் தொடங்குக. இவ்வாறு ஆறு வரிசை முடிந்ததும் முறையை மாற்றுக. இனி ஐந்து பர்ல், ஐந்து நிட். அடுத்த ஆறு வரிசைக்குப் பின் மீண்டும் பழைய முறை. ஒன்பது முறை இவ்வாறு மாறினால் 54 வரிசைகள் ஆகும். ஏறக்குறைய 18 சென்டிமீட்டர் அளவுள்ள சதுரம் கிடைக்கும். துணியைப் பார்த்தால் பனையோலைக் கூடையின் பின்னல் போல மேடும் பள்ளமுமாகக் கட்டங்கள் தோன்றும். நம் கூடை முடைவோர் இரண்டு ஓலைகளால் காட்டும் கோலத்தை ஒரே நூல் காட்டிவிடுகின்றது.

அகலத்தில் ஆறும் நீளத்தில் எட்டுமாக 48 சதுரங்களை இணைத்தால் ஒருவர் போர்த்திக்கொள்ளும் போர்வை ஆகும். கணக்குப் பார்த்தேன். ஒரு சதுரத்திற்கு 2,160 கண்ணிகள். முழுப் போர்வைக்கு 1,03,680 கண்ணிகள். தொடங்குவோர் நிமிடத்திற்கு 20 கண்ணி பின்னினால், 86 மணி நேரத்திற்குமேல் ஆகும். இதனைக் கேட்ட நண்பர் ஒருவர், "கடையில் சில நூறு ரூபாய்க்குப் போர்வை கிடைக்கும்போது இத்துணை நேரத்தை வீணாக்குவது அறிவுடைமையோ?" என்று வினவினார். வணிகக் கணக்கின்படி அவர் சொல்வது சரியே. லீயின் பொறி பிறந்த நாளன்றே கைப்பின்னல் அக்கணக்கில் தோற்றுவிட்டது. எனினும் என் முதற் சதுரத்தைப் பின்னி முடித்தபோது வேறொரு கணக்கு எனக்குப் புலப்பட்டது.

அச்சதுரம் சதுரமாக வரவில்லை. 40 கண்ணிகளோடு தொடங்கியவன் 47 கண்ணிகளோடு முடித்திருந்தேன். நூலை முன்னும் பின்னும் மாற்றும்போது ஊசியின்மேல் தவறி விழுந்த நூலைப் புதுக் கண்ணி என்று எண்ணிப் பின்னிவிட்டிருந்தேன். துணி கீழே குறுகியும் மேலே விரிந்தும் முறம் போல் இருந்தது. வெட்கத்தோடு அதனை அவிழ்க்கப் போனேன். ஆசிரியை தடுத்தார். "அவிழ்க்க வேண்டாம் தம்பி. இதைப் போர்வையின் நடுவில் வைத்துச் சுற்றிலும் நல்ல சதுரங்களாகத் தைத்துவிட்டால் அவை இதை இழுத்து நிறுத்திவிடும். போர்த்துகிறவருக்குக் கோணல் தெரியாது, சூடுதான் தெரியும்" என்றார். அவரிடம் பயில வரும் சிறுமியர் சிலர் பின்னிய சதுரங்களோடு என் கோணல் சதுரமும் சேர்ந்தது. நெகிழ்ந்து கொடுப்பது பின்னலின் இயல்பு. ஆதலின், அருகே உள்ளவை ஒழுங்காக நின்றால், ஒழுங்கு தவறியதும் தன்னிடத்தில் அமைந்துவிடுகின்றது. தறியில் ஓர் இழை தவறினால் துணி முழுதும் குறையாகும். சதுரப் போர்வையிலோ, தேர்ந்தவர் கையும் தேராதவர் கையும் ஒருங்கே இடம்பெறும்.

இவ்வுண்மையைப் பெரிய அளவில் உலகிற்குக் காட்டிய நிகழ்ச்சிகள் அண்மைக் காலத்தில் நடந்துள்ளன. தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா பொதுத் தொண்டு புரிந்த ஆண்டுகள் 67 என்பதை எண்ணி, எளியோர்க்காக 67 போர்வைகள் பின்னுவது என்று 2013-இன் இறுதியில் ஓர் இயக்கம் தொடங்கியது. ஒருவர் ஏற்ற பணி ஊரார் பணியாயிற்று, அறுபத்தேழு ஆயிரக்கணக்காயிற்று. பிரிட்டோரியா நகரின் யூனியன் கட்டட வளாகத்தில் 2015-இல் அப்போர்வைகளை ஒன்றாக இணைத்து விரித்தனர். உலகிலேயே பெரிய குரோஷே போர்வை என்று கின்னஸ் பதிவு பெற்றது அது.

அடுத்த ஆண்டே அப்பெருமை தமிழ்நாட்டிற்கு வந்தது. சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்' என்னும் மகளிர் அமைப்பினர் 2016-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் விரித்த போர்வையின் பரப்பு 11,148.5 சதுர மீட்டர். நம் கணக்கில் ஏறத்தாழ இரண்டே முக்கால் ஏக்கர்! குரோஷே என்பது இரண்டு ஊசிகளுக்கு மாறாக, நுனியில் கொக்கியுள்ள ஒரே ஊசியால் கண்ணி இழுக்கும் முறை. பின்னலின் தங்கை எனலாம். பல ஊர்களிலும் பல நாடுகளிலும் இருந்து பெண்கள் தத்தம் வீட்டில் அமர்ந்து பின்னியவை அங்கே ஒன்றாயின. அவ்வளவு பெரிய போர்வையை எந்தப் பேருடலுக்குப் போர்த்துவது? ஆளுக்கொன்றாகப் பிரித்து, இல்லாதவர்க்கு வழங்குவதற்காகவே அவை பின்னப்பட்டன. சேர்த்தபோது கிடைத்த புகழைக் காட்டிலும், பிரித்தபோது விளைந்த பயனே பெரிது என்பேன்.

போர்வை என்றதும் தமிழ் கற்றோர் அனைவர்க்கும் நினைவில் வருபவன் பேகன். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய அவன், மயிலுக்குப் போர்வை ஈந்த செய்தியைப் புறநானூறும் சிறுபாணாற்றுப்படையும் போற்றுகின்றன. மயில் அதனை உடுத்தாது, போர்த்தாது என்பதை அறிந்தே அவன் கொடுத்தான் எனப் பரணர் பாராட்டுவார். கொடை மடம் என்று சான்றோர் அதற்குப் பெயரிட்டனர். மடம் என்றால் அறியாமை அன்று. கணக்குப் பாராத உள்ளம். 86 மணி நேரத்தைக் கணக்கிட்டுச் சொன்ன என் நண்பர்க்கு நான் தரும் விடையும் இதுவே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. பேகன் அரசன், அவனிடம் விலையுயர்ந்த போர்வை இருந்தது, கையிலிருந்ததை ஒரு நொடியில் எடுத்துக் கொடுத்தான். நம்மிடம் அஃது இல்லை. நமக்குள்ளது பொழுது ஒன்றே. அப்பொழுதைக் கண்ணி கண்ணியாக மாற்றினால், அரசனல்லாதவனும் ஈயலாம். ஒரு போர்வை முழுதும் ஈய இயலாதவன் ஒரு சதுரம் ஈயலாம்.

எங்கள் தெருச் சிறுமியர் பின்னிய போர்வை சென்ற கார்த்திகைக்கு முன்னர் முடிந்தது. நிறங்கள் ஒத்துவரவில்லை, வெவ்வேறு வீடுகளில் எஞ்சிய நூல்கள் அவை. பெரிய கோயிலுக்குச் செல்லும் வழியில் இரவெல்லாம் பூக்கூடையோடு அமர்ந்திருக்கும் முதியவள் ஒருத்திக்கு அதனைக் கொடுத்தோம். அவள் அதனை மடிமேல் விரித்து, விரலால் கட்டங்களைத் தடவிப் பார்த்தாள். "எத்தனை கை பட்டிருக்கிறது, தாயே!" என்றாள். நடுவிலிருந்த கோணல் சதுரத்தின்மேல் அவள் விரல் ஒரு கணம் நின்றதோ என்று எனக்கு ஐயம். ஒன்றும் சொல்லாமல் தோள்மீது போர்த்திக்கொண்டு, மீண்டும் பூத் தொடுக்கலானாள். அவள் கையிலும் நூலும் கண்ணியுமே இருந்தன.

நன்னன் நாட்டு ஆயர், வழிப்போக்கனுக்கு ஆட்டுத் தோல் விரித்துத் தீ மூட்டினர். குறும்பர் முரட்டுக் கம்பளி நெய்து மழையைத் தடுத்தனர். நாகர்கோவில் சிறுமியர் நூலிழையால் தம் விலங்கை அறுத்தனர். சென்னை மகளிர் ஏக்கர்க் கணக்கில் போர்வை விரித்து அதனைப் பகிர்ந்தளிக்க முனைந்தனர். இவை யாவும் ஒரே வரலாற்றின் அடுத்தடுத்த கண்ணிகள். முன்னைய கண்ணியின் ஊடே புகுந்தாலன்றிப் பின்னைய கண்ணி நிற்பதில்லை. அடுத்த கண்ணி நம் கையில் உள்ளது. ஊசி பிடிக்கத் தெரியாதே என்று தயங்க வேண்டா. முதற் சதுரம் கோணலாகத்தான் வரும். அதற்கும் நடுவில் இடம் உண்டு.